மரத்துக்கும் வேலிக்கும் நடுவே ஒரு கல்யாண பஸ்

சென்ற மாதம் தருமபுரியில் இளைஞர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பருவநிலை மாற்றத்தைத் தடுக்க வட்டார அளவில் எப்படிக் குரல் கொடுப்பது என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய பெண் சுவரில் படம் காட்டி, அம்புக்குறியும் வட்டமுமாக அழகாக விளக்கினாள். எல்லா வட்டத்துக்குள்ளும் 'ஸ்டேக்ஹோல்டர்', அதாவது சம்பந்தப்பட்ட ஆள், என்று எழுதியிருந்தது. பிறகு ஒரு பையன் எழுந்து, "மேடம், எண்பதுகள்ல நீங்க அட்வகசி பண்ணப்போ ஸ்டேக்ஹோல்டர் மேப்பிங்லாம் எப்படிப் பண்ணீங்க?" என்று என்னைக் கேட்டான்.

"எங்க காலத்துல அவருக்கு மாதையன்னு பேரு தம்பி. மேப்புல இருக்க மாட்டாரு, டீக்கடையில இருப்பாரு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நேரமாகிவிட்டதால் அதோடு உட்கார்ந்துவிட்டேன். மாதையனை அப்படி ஒரு வரியில் முடித்தது அவருக்குச் செய்த அநியாயம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பி.யூ.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை, சுற்றுச்சூழல் சங்கம் ஒன்று களப்பணியாளராக எடுத்துக்கொண்டது. சங்கம் என்றால் சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. கீழே டியூபுக்குக் காற்றடித்தால் மேலே எங்கள் பெஞ்சு அதிரும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று கேட்டார்கள். அப்பா உண்மையைச் சொல்பவர். "மரத்துக்காகப் பேசற வேலைங்க" என்றார். வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த வரனிடம் அப்பா 'ஆபீஸ் வேலை' என்று சொல்லிச் சமாளித்தார்.

பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். மண் அரிப்பு, நிலத்தடி நீர், கூட்டம் நடத்தும் முறை, கும்மிப்பாட்டு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டைத் தவிர வேறெதுவும் எனக்குப் பயன்படவில்லை. வேலையைக் கற்றுக்கொண்டதெல்லாம் எங்கள் செயலாளர் நஞ்சப்பன் சாரிடம்தான்.

நஞ்சப்பன் சார் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். ஒல்லியான ஆள், கதர் சட்டை. குரலை உயர்த்தியே பேசமாட்டார். கெட்ட செய்தி வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நல்லது" என்பார். செய்தி எவ்வளவு மோசமோ, 'நல்லது' அவ்வளவு மெதுவாக வரும். அவரோடு ஓர் ஆண்டு இருந்தவர்கள் அந்த ஒரு சொல்லின் சத்தத்தை வைத்தே நிலைமையைக் கணித்துவிடுவார்கள்.

மனு எழுதுவதில் அவருக்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். "ரெண்டு கேட்டா, சுலபமானதைச் செஞ்சுட்டு ரெண்டுக்கும் பதில் போட்டுடுவாங்கம்மா." அலங்காரம் ஆகாது. நான் முதலில் எழுதிய மனுவில் 'பசுமையான, வானளாவிய மரங்கள்' என்று போட்டிருந்தேன். இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு, "மரம்னா பச்சையாத்தான் இருக்கும். வானத்தை எட்டுதா இல்லையான்னு அளக்கச் சொல்லி ஃபைலைத் திருப்பி அனுப்பினா என்ன பண்ணுவே?" என்றார். நகலில் தபால் பிரிவின் முத்திரை விழாமல் கலெக்டர் ஆபீஸ் படியை விட்டு இறங்கக் கூடாது. அதிகாரி உட்காரச் சொன்னாலும் உட்காரக் கூடாது. "உட்கார்ந்தா டீ வரும். டீ வந்தா சொந்த ஊரு எதுன்னு பேச்சு வரும். மரம் போயிடும்."

கடைசியாக ஒன்றை மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். "அங்க... லேடீஸுக்கு... வசதி சரியா இருக்காது. வரிசையை விட்டுப் போனா முறை போயிடும். அதனால வூட்டுலயே..." என்று இழுத்துவிட்டு மாவட்ட நீர்வளம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். என் வேலையில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய அறிவுரை அதுதான்.

உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது என்று ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் அவர் அப்போதே படித்திருந்தார். கரிப்புகையும் காடழிப்பும்தான் காரணம் என்று கூட்டங்களில் சொல்லுவார். அதியமான்கோட்டையில் ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒலகத்தை வுடுங்க சார், தருமபுரிக்கு இதுக்கு மேல என்ன சூடு?" என்றார். மழை பொய்த்த வருஷம் அது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் ஊர்வலம் நடத்தினோம். மலைக்காட்டு மரங்களை வெட்டக்கூடாது என்று நான் மைக்கில் கோஷம் போட, பின்னால் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கடைவீதியில் ஒருவர் என்னை நிறுத்தி, "எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார்.

"கட்சி இல்லீங்க, மரத்துக்காக."

"சின்னமா? மரம் சின்னம் யாரோடதுங்க?"

"சின்னம் இல்லீங்க. நெசமான மரம்."

அவர் யோசித்துவிட்டு, "சுயேச்சையா" என்று தானே முடிவு செய்துகொண்டார். போகும்போது, "சோத்துப் பொட்டலம் எங்க குடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

இப்படி நாங்கள் ஊர் ஊராக அசடு வழிந்துகொண்டிருந்தபோதுதான் மாதையன் வந்து சேர்ந்தார்.

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அவருடைய பேரன்மார் அங்கே செல்வாக்காக இருக்கிறார்கள். ஊருக்குப் போகும் சாலையின் ஒரு பக்கம் முழுக்கப் புளியமரங்கள். தலைமுறை கண்ட மரங்கள். மறுபக்கம் ஊர்த்தலைவர் மாதையனின் நிலக்கடலைக் கொல்லை. கல்லுக்கால் நட்டு, முள்கம்பி இழுத்து, பலமாக வேலி போட்டிருந்தார். வேலிக்கும் மரத்துக்கும் நடுவே சாலை, இடுக்கில் மாட்டிக்கொண்டது போல நெளிந்து போகும். சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டி ஏலம் விடப்போவதாகப் பேச்சு. ரோடு ஆபீஸிலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு மரத்துக்கும் வெள்ளை வளையம் போட்டு எண் எழுதிவிட்டுப் போனான்.

நான் போய்ச் சேர்ந்த அன்று மாதையன் டீக்கடை பெஞ்சில் இருந்தார். வெள்ளை மீசை, தோளில் துண்டு, வாய் நிறையச் சிரிப்பு.

"வாம்மா. மரத்தம்மா நீதானா? டீ சாப்பிடு" என்றார்.

சாரின் சட்டம் நினைவுக்கு வந்து நின்றுகொண்டே இருந்தேன். அவர் சிரிப்பு மாறாமல் சொன்னார்: "எங்கூருக்கு பஸ்சு கெடயாது. பிரசவ வலின்னா கட்டில்ல போட்டுத் தூக்கிக்கிட்டு ஓடறோம். ரோடு அகலமானாத்தான் பஸ்சு வுடுவேன்னு சொல்றாங்க. நீ மரத்த வெட்டாதேங்கற. அப்போ அடுத்த கட்டிலுக்கு ஒரு பக்கம் நீ வந்து புடிக்கிறியா?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த எந்தக் கும்மிப்பாட்டிலும் இதற்குப் பதில் இல்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பெண்களிடம் போனேன். புளி சீசனில் அந்த ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை இருக்கும். அவர்களில் வாய் பேசத் தெரிந்தவள் சின்னபாப்பா. மடியில் குழந்தை, கையில் சுத்தி.

"மரம் வேணுமா, பஸ்சு வேணுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் வேணுங்க" என்றாள். "பஸ்சுல போயிட்டு வந்து எறங்குனா நெழலு வேணுமில்ல?"

சாரிடம் வந்து, "ஊர்ல ரெண்டு கோரிக்கை வெச்சிருக்காங்க சார்" என்றேன். கண்ணாடியைத் துடைத்தார். "நல்லது" என்றார், பாதி சத்தத்தில். மறுநாளே என்னோடு வந்து சாலையை மெதுவாக நடந்து பார்த்தார். மரங்களைப் பார்த்தார். வேலியை அதைவிட அதிக நேரம் பார்த்தார். டீக்கடையில், "இந்த வேலி எப்பத்துலருந்து இங்க இருக்குது?" என்று பொதுவாகக் கேட்டார். கடைக்காரர் பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார். உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்து ஒற்றைக் கோரிக்கை மனு எழுதினார்: சாலையின் எல்லையை அளந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மரமும் அதற்குள் இருந்தது, பஸ்சும் இருந்தது, வேலியும் இருந்தது.

மனுவுக்கு முத்திரை வாங்கினேன். எல்லையைத் தாலுகா ஆபீஸ்தான் காட்ட வேண்டும் என்று ரோடு ஆபீஸ் எழுதியது. ரோடு ஆபீஸ் வரைபடம் தந்தால்தான் காட்ட முடியும் என்று தாலுகா ஆபீஸ் எழுதியது. இரண்டு கடிதத்தின் நகலும் 'தங்கள் தகவலுக்காக' எங்களுக்கு வந்துகொண்டே இருந்தது. ஏலத்துக்கு நாள் குறிக்கப்போகிறார்கள் என்ற செய்தியும் வந்தது.

சாரின் 'நல்லது' காதில் விழாத அளவுக்குப் போனது அப்போதுதான். வடக்கே மலைப்பக்கத்தில் பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெட்டவிடாமல் காப்பாற்றினார்களாம், இவர்களும் அப்படி நிற்பார்களா என்று கேட்டுப் பார் என்றார். சின்னபாப்பாவிடமும் மற்றவர்களிடமும் போய்ச் சொன்னேன்.

"மரத்தையா? ரோட்டுலயா?" என்றாள் ஒருத்தி.

"எம் வூட்டுக்காரரையே நான் ரோட்டுல கட்டிப்புடிச்சதில்லீங்க" என்றாள் சின்னபாப்பா. "மரத்தப் புடிச்சிக்கிட்டு நின்னா அந்த மனுசன் என்ன நெனப்பாரு?"

"செவ்வெறும்பு வேற இருக்குது" என்றாள் இன்னொருத்தி.

சிரித்துச் சிரித்து அன்று ஒருத்தியும் புளி தட்டவில்லை. வேறெதற்கு வேண்டுமானாலும் கூப்பிடு வருகிறோம் என்று எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நிலையில் மாதையன் மகனுக்குக் கல்யாணம் வந்தது. எங்களுக்கும் பத்திரிகை வைத்தார். நான் வரவில்லை என்றேன். சார் விடவில்லை. "எதிராளி வூட்டுக் கல்யாணத்துக்குப் போகாம இருந்தா அது சண்டை. போனா அது கருத்து வேறுபாடு. கெளம்பு."

பெண் வீடு பென்னாகரத்துப் பக்கம். காலை முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டாருக்காகத் தருமபுரியிலிருந்து ஒரு தனியார் பஸ்ஸை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். முன்னால் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. நானும் சாரும் அதில்தான் ஏறினோம். டிரைவர் காதர் பாய், அந்த வட்டாரத்தில் கல்யாண பஸ் ஓட்டுவதில் பேர் போனவர். ரோடு ஆபீஸ் என்ஜினீயரையும் மாதையன் அழைத்திருந்தார். அன்போடு மட்டுமல்ல, திட்டத்தோடும்தான் அழைத்திருந்தார். என்ஜினீயரின் ஜீப்பை பஸ்சுக்கு நேர் பின்னால் வரச் சொன்னார். மரங்களை ஒட்டிப் போக பஸ் படும் பாட்டை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

மாதையன் டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடி மேல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மரத்துக்கும் திரும்பி ஜீப்பைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மெதுவா போங்க பாய். என்ஜினீயர் சாருக்கு நல்லாத் தெரியணும்."

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுரும் தலைவரே" என்றார் காதர் பாய்.

சொன்னது போலவே நின்றது. எதிரே தக்காளி லாரி. கர்நாடகப் பதிவு. கூடை கூடையாக அடுக்கி, மேலே ஒரு ஆள் படுத்துக்கொண்டு வந்தான். இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று கடந்துவிடலாம் என்று நினைத்து நெருங்கி, கண்ணாடியும் கண்ணாடியும் உரசிக்கொண்டு சிக்கிக்கொண்டன. எங்கள் இடது பக்கம் புளியமரம். கதவு ஒரு முழம்தான் திறந்தது. வலது பக்கம் லாரி. லாரிக்கு அந்தப் பக்கம் மாதையனின் முள்வேலி.

"ரிவர்ஸ் எடுப்பா!" என்று மாதையன் கத்தினார்.

"ஆகல்லா சார், ஆகல்லா" என்று, முடியாது என்பதைக் கன்னடத்தில் சொல்லி, லாரி டிரைவர் பின்பக்கம் கையைக் காட்டினான். அவனுக்குப் பின்னால் சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. எங்களுக்குப் பின்னால் ஜீப்பும் சொந்தக்காரர்களின் இரண்டு வேன்களும்.

மாதையன் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாத்தீங்களா சார், பாத்தீங்களா?" என்றார். என்ஜினீயர் தலையாட்டினார். நான் சாரைப் பார்த்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். போச்சு, மரம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

நேரம் போனது. நாதஸ்வரக்காரர் பொழுது போகாமல் வாசிக்க ஆரம்பித்து, யாரோ அதட்டியதும் நிறுத்தினார். பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை பின்சீட்டிலிருந்து, "அப்பா, முகூர்த்தம்பா" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா!" என்றான். இரண்டாவது 'அப்பா'வில் மாதையனின் சிரிப்பு மறைந்துவிட்டது.

"லாரி ஒரு ஆள் அகலம் அந்தாண்ட ஒதுங்குனா நான் ஓட்டிட்டுப் போயிருவேன்" என்றார் காதர் பாய்.

"அந்தாண்ட வேலி இருக்குதே பாய்" என்றான் மாதையனின் மைத்துனன்.

"வேலியப் புடுங்குங்கடா!" என்றார் மாதையன்.

மைத்துனன் தயங்கித் தயங்கி, "மாமா... அது நம்ம வேலி மாமா" என்றான்.

"எவன் வேலியா இருந்தா என்னடா! முகூர்த்தம் போவுது!"

ஆம்பிளைகள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். கதவு வழியாகச் சின்னபாப்பாவும் இன்னும் சில பெண்களும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இறங்கினார்கள். வேறெதற்கு வேண்டுமானாலும் வருகிறோம் என்று அன்று சொன்னவர்கள், பட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். முள்கம்பியை அறுத்து, கல்லுக்கால்களை ஆட்டி ஆட்டிச் சாய்த்தார்கள். அந்த வேலியைப் பிடுங்குவதில் ஊருக்கு இவ்வளவு உற்சாகம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. நாலு கல் போதும் என்று காதர் பாய் சொல்லியும் ஏழெட்டுக் கல் சாய்ந்துவிட்டது.

லாரி கொல்லைக்குள் இறங்கியது. கடலைக்கு ஊடுபயிராக இருந்த ஆமணக்குச் செடிகளுக்குள் சக்கரம் புகுந்ததும் 'டங்'கென்று எதன் மேலோ ஏறிக் குதித்தது. மேலிருந்து இரண்டு கூடை தக்காளி கவிழ்ந்து உருண்டது. எல்லாரும் தக்காளியைப் பார்க்க, என்ஜினீயர் மட்டும் ஜீப்பை விட்டு இறங்கி, ஆமணக்கை விலக்கிப் பார்த்தார். செதுக்கிய எழுத்தோடு ஒரு கல், பழைய சாலை எல்லைக்கல்.

என்ஜினீயர் கல்லைப் பார்த்தார். தள்ளி இருந்த தார் ரோட்டைப் பார்த்தார். "தலைவரே, ரோடு இது வரைக்கும் இருக்குதே" என்றார்.

மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்லு நகந்திருக்கும் சார்."

"கல்லு எப்படிங்க நகரும்?"

"மழையில..."

"இந்த ஊர்ல மழை பேஞ்சு எத்தனை வருசமாவுது தலைவரே" என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காதர் பாய், ரொம்ப மரியாதையாக.

"முகூர்த்தம் போவுது, வாங்க சார், அப்பறம் பேசிக்கலாம்" என்று மாதையன் என்ஜினீயரின் கையைப் பிடித்தார்.

"நீங்க போங்க. நான் இதை அளந்துட்டு சாப்பாட்டுக்கு வந்துர்றேன்" என்றார் அவர், ஜீப்பிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டே.

தாலி சரியான நேரத்துக்கு ஏறியது. பந்தியில் என்ஜினீயரின் இலைக்கு மாதையன் தானே நின்று வடை வைத்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். "இன்னிக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது. கல்யாண வூடு" என்று சார் என் இலைக்குத் தன் ஜாங்கிரியைத் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு ஃபைல் ஓடிய வேகத்தை நான் அந்த அலுவலகங்களில் முன்னேயும் பார்த்ததில்லை, பின்னேயும் பார்த்ததில்லை. சாலையை வேலிப் பக்கமாக அகலப்படுத்தலாம் என்று முடிவானது. மாதையன் மட்டும் கோர்ட்டுக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், அதற்குள் யாராவது மறுபடி மரத்தையே வெட்டிவிடலாம் என்பார்கள். சார் அவர் வீட்டுக்குப் போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்து, ரோடு ஆபீஸுக்கு ஒரு நன்றிக் கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். 'ஊர்த்தலைவர் மனமுவந்து அளித்த நிலத்தில்' என்று ஒரு வரி இருந்தது.

டைப்ரைட்டரை விட்டுக் கையை எடுத்துவிட்டேன். "சார், இது அவரு நிலமே இல்லையே."

"ஆபீசுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பேப்பருக்கு மட்டும் தெரியாம இருந்தா என்னம்மா? அடி."

அடித்தேன். மாதையன் கோர்ட்டுக்குப் போகவில்லை.

எல்லா மரமும் தப்பவில்லை. வளைவில் இருந்த இரண்டு மரங்கள் போயின. எதிரே வரும் வண்டி தெரியாது என்றார்கள், உண்மைதான். வெட்டிய அன்று சார் அங்கே வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவே இல்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சின்னபாப்பா அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பஸ் வந்த நாளில் ஊரே திரண்டது. புளியமர நிழலில் சாமியானா. மாதையன்தான் பஸ்ஸுக்கு மாலை போட்டார். மைக்கைப் பிடித்தார்.

"இந்த மரங்களெல்லாம் நம்ம குலதனம்" என்று ஆரம்பித்தார். "வெட்டிப்புடலாம்னு சில பேரு பாத்தாங்க. நான் வுடல. என் உசுரு இருக்கற வரைக்கும் வுட மாட்டேன்னுட்டேன். இந்த மரத்துக்காக என் சொந்தக் கொல்லையத் தூக்கிக் குடுத்தேன்!"

சின்னபாப்பா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். எனக்குக் கோபத்தில் காது சூடானது. சார் என் முழங்கையை இடித்தார். "கை தட்டு" என்றார்.

தட்டினேன். சாரும் தட்டினார். பள்ளிப் பிள்ளைகள் தட்டினார்கள், பெண்கள் தட்டினார்கள். மாதையனுக்கு முகம் மலர்ந்தது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பிள்ளைகள் நிறுத்தப் போனார்கள்.

"நிறுத்தாதே" என்றார் சார், முன்னால் பார்த்துக்கொண்டே. "இன்னும் தட்டு. இன்னும் ஏதாச்சும் சொல்லுவாரு."

நாங்கள் விடாமல் தட்டினோம். மாதையன் கூட்டத்தைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது மட்டுமில்ல!" என்றார். "இந்தாண்டப் பக்கமும் என் சொந்தச் செலவுல, என் கெணத்துத் தண்ணி ஊத்தி, புங்கங்கன்னு வெச்சு மரமாக்கிக் காட்டறேன்!"

அதன் பிறகுதான் சார் கையை இறக்கினார்.